கன்ட்ரோலரைப் பிடுங்காதீர்கள்

புது கேம் ஒன்று வெளிவந்தால் முதல் வாரத்தில் அதை விளையாடும் சத்தத்தைவிட அதைப் பற்றிய சண்டைச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். 2025 செப்டம்பர் 4 அன்று 'ஹாலோ நைட்: சில்க்சாங்' வந்தபோதும் இதுதான் நடந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் இருக்கும் 'டீம் செர்ரி' என்ற மிகச் சிறிய குழு 2019-இல் அறிவித்த கேம் அது. ஆறு வருடத்துக்கு மேல் காக்கவைத்துவிட்டு ஒருவழியாக விற்பனைக்கு வந்த அன்று, முண்டியடித்த கூட்டத்தைத் தாங்காமல் ஸ்டீம் உள்ளிட்ட இணையக் கடைகள் திணறின. கூட்டம் உள்ளே நுழைந்ததும் கூச்சல் ஆரம்பித்தது. பல எதிரிகளின் ஒரே அடியில் இரண்டு உயிர்ப்புள்ளிகள் போகின்றன. 'பாஸ்' எனப்படும் பெரிய எதிரியிடம் தோற்றால் நெடுந்தூரம் திரும்ப ஓடிவர வேண்டும். "கொஞ்சம் இளக்கிக் கொடுங்கள்" என்றது ஒரு கட்சி. "முடியாதவன் ஏன் வாங்கினாய், பழகிக்கொண்டு வா" என்றது இன்னொரு கட்சி. சில நாட்களிலேயே, தொடக்கத்தில் வரும் இரண்டு பாஸ்களின் கடுமையைச் சற்றுக் குறைத்து ஒரு திருத்தம் (பேட்ச்) வந்தது. அதற்கும் ஒரு சண்டை.

2019-இல் 'செகிரோ' என்ற கேம் வந்தபோதும் இதே வழக்குதான்; அதில் ஈஸி மோட் வேண்டுமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் பேசினார்கள். வீடு அடங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம் விளையாடுகிற நடுத்தர வயதுக்காரன் நான். இரண்டு கட்சிக்கும் சமாதானம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்தச் சண்டையில் ஒரு விஷயம் தொடர்ந்து விடுபட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். கடினம், சுலபம் என்பதல்ல கேள்வி. தடுமாறுகிற ஒருவனுக்கு இன்னொருவன் எப்படி உதவுவது என்பதுதான் கேள்வி. இதை மிக ஆழமாக யோசித்தவர்கள், மிகக் கடினமான கேம்களைச் செய்தவர்களே.

'டார்க் சோல்ஸ்', 'எல்டன் ரிங்' ஆகியவற்றை இயக்கிய ஹிடேடகா மியாசாகி தன் நேர்காணல் ஒன்றில் ஓர் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். பனி கொட்டிய ஒரு நாள், மேட்டுச் சாலையில் கார்கள் வரிசையாக மாட்டிக்கொண்டன. சக்கரம் வழுக்குகிறது, ஒன்றும் ஏறவில்லை. பின்னால் இருந்த கார் முன்னால் இருந்த காரை முட்டித் தள்ள, அதற்குப் பின்னால் இருந்தது அதைத் தள்ள, இப்படியே வரிசை மேடேறியது. இறங்கி நன்றி சொல்லலாம் என்றால் காரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மறுபடி மாட்டிக்கொள்ளும். எனவே நன்றி சொல்லாமலே எல்லோரும் போய்விட்டார்கள். கடைசிக் காருக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2009-இல் 'டீமன்ஸ் சோல்ஸ்' கேமில் அவர் வைத்த உதவி முறை.

அந்த முறையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். உதவ நினைப்பவர் தரையில் ஒளிரும் ஒரு குறியை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவராக யாருடைய உலகத்துக்குள்ளும் உதவப் போக முடியாது. பாஸிடம் அடி வாங்கிச் சலித்த ஒருவர் அந்தக் குறியைத் தொட்டால்தான் அழைப்பு போகும். வந்தவர் சேர்ந்து சண்டை போடுவார். பெரும்பாலும் பேச்சுவார்த்தை கிடையாது, தலை வணங்குவது, கை அசைப்பது போன்ற சைகைகள்தான். பாஸ் விழுந்ததும் அவர் தன் உலகத்துக்குத் திரும்பிவிடுவார். அழைக்காமல் வராதே, வேலை முடிந்தபின் தங்காதே. இந்த இரண்டு விதிகளையும் ஓர் உறவினருக்கோ மேலதிகாரிக்கோ சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். இங்கே அவை நிரலிலேயே எழுதப்பட்டுவிட்டன.

2022-இல் இதே உதவி முறையோடு 'எல்டன் ரிங்' வந்தபோது மலேனியா என்ற பாஸ் உலகம் முழுக்க ஆட்களை அழவைத்தாள். அவளுடைய வாள் நம்மைத் தொடும்போதெல்லாம் அவளுடைய ரத்தம் ஏறும். நாம் தடுத்தாலும் ஏறும். அப்போதுதான் 'லெட் மீ சோலோ ஹெர்' என்ற பெயரில் ஒரு வீரர் கிளம்பினார். தலையில் ஒரு ஜாடி, இடுப்பில் ஒரு துணி, இரு கைகளிலும் வாள். கவசம் எதுவும் இல்லை. "நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள், அவளை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ஆயிரம் முறைக்கு மேல் யார் யாருக்காகவோ மலேனியாவை வீழ்த்தினார். கேமை வெளியிட்ட பண்டாய் நாம்கோ அவருக்கு ஒரு வாளைப் பரிசாக அனுப்பிவைத்தது.

"வேறொருவன் ஜெயித்துக் கொடுத்தால் அது உன் வெற்றியா?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காக விளையாடுவதில்லை. சிலருக்கு வெற்றி வேண்டும். சிலருக்கு அடுத்த ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும். அழைத்தவர் தன் தேவையைத் தெரிந்துகொண்டு அழைத்தார். இவரும் அழைக்காத ஓர் உலகத்திலும் கால் வைக்கவில்லை. முழு வேலையையும் தானே செய்துவிடும் உதவிகூடத் தவறாகாது, அதைப் பெறுபவர் கேட்டிருந்தால்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் விளையாட வருவார்கள். அண்ணன் பதினொன்றாம் வகுப்பு, தங்கை ஏழாவது. மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுவதுதான் 'செலஸ்ட்' கேம். தங்கை அதில் ஒரு முள் குழியைத் தாண்ட முடியாமல் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"குடு இங்க. ரெண்டு நிமிஷத்துல முடிச்சுத் தர்றேன்."

"வேணாம்ண்ணா."

பிடுங்கினான், தாண்டினான், நீட்டினான். அவள் வாங்கவில்லை. "அப்ப நீயே ஆடிக்கோ" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டபோது அவளே கூப்பிட்டாள்.

"அண்ணா, இந்த முள்ளுக்கு மேல எப்பக் குதிக்கணும்? அத மட்டும் சொல்லு."

"சுவத்தப் பிடிச்சிட்டுக் கொஞ்சம் நில்லு. அப்புறம் சாய்வா டேஷ் பண்ணு."

மூன்று நான்கு தடவை விழுந்து, பிறகு தாண்டினாள். அவள் போட்ட கூச்சலில் அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அதே அண்ணன், அதே திறமை, அதே பாசம். முதல் நாள் அவளுடைய விளையாட்டு அவள் கையை விட்டுப் போனது, மறுநாள் போகவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த கேமிலேயே 'அசிஸ்ட் மோட்' என்று ஒன்று உண்டு. வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாவரம்கூட வாங்கிக்கொள்ளலாம். அவள் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் தப்பில்லை, ஏனென்றால் அது அவள் எடுக்கும் முடிவு. 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. பார்வையற்றவர்களும் அதை விளையாடி முடித்திருக்கிறார்கள். அந்த வசதிகளால் என் விளையாட்டின் ருசி ஒரு துளிகூடக் குறையவில்லை. ஈஸி மோடை எதிர்ப்பவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும்.

உதவும் குணம் பிறவியிலேயே வருவது என்றுதான் நாம் சொல்லிக்கொள்கிறோம். கேம் செய்பவர்கள் அப்படி நம்பி உட்கார்ந்துவிடுவதில்லை. 2012-இல் வந்த 'ஜர்னி'யில் பாலைவனத்தில் நடக்கும்போது முகம் தெரியாத இன்னொருவர் துணைக்கு வருவார். பேச முடியாது, பெயர் தெரியாது. கேம் முடிந்த பிறகுதான் பெயர் காட்டப்படும். அதன் இயக்குநர் ஜெனோவா சென் ஆரம்பத்தில் ஒருவரையொருவர் தொட்டுத் தள்ள முடிகிற மாதிரி வைத்திருந்தார், கை கொடுத்து உதவுவார்கள் என்று. நடந்ததோ வேறு: ஆட்கள் துணையைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். உடனே தள்ளும் வசதியை எடுத்துவிட்டு, இருவரும் நெருங்கி நின்றால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடுமாறு மாற்றினார்கள். அதே மனிதர்கள் பிறகு விலகாமல் ஒட்டியே நடந்தார்கள். ஹிடியோ கோஜிமாவின் 'டெத் ஸ்ட்ராண்டிங்'கில் நான் ஒரு பாறையில் சாய்த்துவிட்டு வந்த ஏணி, யாரோ ஒருவரின் உலகத்தில் அதே பாறையில் நிற்கும். அவர் பதிலுக்கு ஒரு லைக் போடலாம். டிஸ்லைக் போட வழியே இல்லை. மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று அங்கலாய்ப்பதற்கு முன், எந்த ஏற்பாட்டுக்குள் அவர்களை நிறுத்தியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஆனால் இவையெல்லாம் செலவில்லாத உதவிகள். ஏணி வைத்தால் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. நஷ்டப்பட்டு உதவுவாயா என்று நேரே முகத்தைப் பார்த்துக் கேட்ட கேம், யோகோ டாரோ இயக்கி 2017-இல் வந்த 'நியர்: ஆட்டோமேட்டா'. அதன் இறுதி முடிவில், கேமை உருவாக்கியவர்களின் பெயர்ப்பட்டியல் திரையில் ஓடும். அந்தப் பெயர்களே நம்மைக் குண்டு மழையால் தாக்கும். நம்மிடம் ஒரு சின்னஞ்சிறு விமானம். சாவோம், மறுபடி சாவோம். "தோல்வியை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேம் கேட்கும். இல்லை என்று தொடர்ந்தால், எங்கெங்கோ இருக்கும் ஆட்டக்காரர்கள் எழுதிவைத்த ஊக்க வார்த்தைகள் திரையில் வரத் தொடங்கும். பிறகு உதவி வேண்டுமா என்ற கேள்வி. வேண்டும் என்றால் முகமறியாதவர்களின் விமானங்கள் நம்மைச் சூழ்ந்துகொண்டு, நமக்கு வரும் குண்டைத் தாங்கள் வாங்கும். ஒவ்வொன்று அழியும்போதும் அந்த ஆளின் சேமிப்பு அழிந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு வரும். முதலில் விளங்காது.

எல்லாம் முடிந்ததும் விளங்கும். இதுபோல் நீயும் ஒருவருக்கு உதவ வேண்டுமானால், இதுவரை நீ விளையாடிச் சேர்த்த அத்தனை சேமிப்பும் அழிக்கப்படும். யாருக்குப் போகிறது என்று உன்னால் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் உனக்கு அறவே பிடிக்காத ஆளாக இருக்கலாம். நன்றியும் கிடைக்காமல் போகலாம். சம்மதமா? ஒரு தடவை அல்ல, மாற்றி மாற்றிக் கேட்கிறது.

நான் சம்மதம் என்றேன். ஆயுதங்கள், வரைபடம், பொருட்கள் என்று பக்கம் பக்கமாகத் திரையில் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இல்லை, வருத்தமாகவும் இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த நிம்மதி மட்டும் இருந்தது. என் நண்பர் ஒருவர் மறுத்துவிட்டார். "அவ்வளவு மணி நேரம் போட்டு விளையாடியிருக்கேன், யாருன்னே தெரியாதவனுக்கு எதுக்கு?" என்றார். அவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கொடுப்பது உதவியாகாது, வரியாகிவிடும்.

உதவி பெறுகிறவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். கொடுப்பவருக்கும் அது இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எவ்வளவு பெரிய உதவியும் யாரையும் சிறுமைப்படுத்தாது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சின்ன உதவிகூட அவமானமாகிவிடும். வயதான பெற்றோரின் கையிலிருந்து செல்போனை வாங்கி நாமே பணம் அனுப்பிவிடுகிறோமே, அங்கும் இதே கணக்குதான்.

அடுத்த புது கேம் வரும்; இதே சண்டையும் வரும். முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் கேலி செய்யாதீர்கள். வழி கேட்டால், கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். கூடவே கதையின் முடிவையும் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். கன்ட்ரோலரை அவராக நீட்டினால் மட்டும் வாங்குங்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.