யாருடைய சாவு பெரிய சாவு?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1975 அக்டோபரில் வில்மா மெக்கேன் கொல்லப்பட்டார். வயது 28, நான்கு பிள்ளைகளின் தாய். இரவு வெளியே போன அம்மா வரவில்லை என்று ஏழு வயது மூத்த மகள், விடியும் முன்பே தம்பியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்ப் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள்.

செய்திகளில் அந்த அம்மா 'ப்ராஸ்டிட்யூட்' ஆனார். தெருவில் அதையே 'ஹோர்' என்பார்கள். கொலைகள் தொடர்ந்தன. கொலைகாரன் 'அந்த மாதிரிப் பெண்களை'த்தான் தேடுகிறான் என்று போலீஸ் முடிவு கட்டியது. 1977 ஜூனில் கடையில் வேலை பார்த்த 16 வயதுப் பெண் பலியானபோது 'அப்பாவிப் பெண்' என்ற பேச்சு எழுந்தது. அப்படியென்றால் அதற்கு முன் செத்தவர்கள் எல்லாம் என்ன பாவம் செய்தார்கள்? 1981இல் கொலைகாரன் மீதான வழக்கை நடத்திய அட்டர்னி ஜெனரல் மைக்கேல் ஹேவர்ஸ், கொல்லப்பட்டவர்களில் சிலர் விலைமாதர் அல்லர் என்பதே இதில் மிகவும் சோகமானது என்று நீதிமன்றத்திலேயே பேசினார். பெண்கள் வெளியே கூடி எதிர்த்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

அந்த வசைச்சொல் செத்தவர்களோடு நிற்கவில்லை. வில்மாவுக்கு முன்பே, அதே ஆண்டில், 14 வயதுச் சிறுமி ஒருத்தி தாக்கப்பட்டுப் பிழைத்திருந்தாள். தாக்கியவனின் முகத்தை நன்றாக வர்ணித்தாள். ஆனால் அவள் 'அந்த மாதிரி' இல்லையே! அவள் சாட்சியத்தை இந்த வழக்கோடு சேர்க்கவில்லை. கொலைகாரன் பேசுவதுபோல் வந்த போலி ஒலிநாடா ஒன்றும் போலீஸைத் திசைதிருப்பியது, உண்மைதான். ஆனாலும் கொலைகாரன் பீட்டர் சட்க்ளிஃப்பை ஒன்பது முறை விசாரித்துவிட்டு வெளியே விட்டவர்களின் கண்ணை முதலில் கட்டியது அந்த முத்திரை. 13 பெண்கள் செத்தார்கள். ஒருத்தியை இழிவான பெயரால் கூப்பிடும்போது, அவளைக் கொல்ல வருகிறவனுக்கு நாம் இருட்டைக் கொடுக்கிறோம்.

காவல்துறை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் வில்மாவின் மகன். 2020 நவம்பரில், சட்க்ளிஃப் இறந்த பிறகு, அன்றைய பேச்சுக்காக மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 45 ஆண்டுகள்!

நம் இந்திய உச்ச நீதிமன்றமும் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்கு ஒரு கையேடு தந்தது. 'ஹூக்கர்', 'ப்ராஸ்டிட்யூட்' என்று எழுதாதீர்கள், பாலியல் தொழிலாளி என்று எழுதுங்கள். 'ஹோர்' என்பதற்குப் பதில் பெண் என்றே எழுதுங்கள் என்றது அது அப்போது. பாலியல் தொழிலாளியை யாரும் வன்புணர்வு செய்ய முடியாது என்ற எண்ணம் தவறு என்பதையும் அதே கையேட்டில், நீதிபதிகளுக்கே, அச்சிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.