வாரிசுக்கு வந்த ஆயுதம்

தந்தை விட்டுச் சென்ற வீட்டையும் நிலத்தையும் பெறுகின்ற மகன் அவற்றின் பயனை நுகர்கிறான். அவர் வைத்துச் சென்ற கடனிருப்பின் அதனையும் தீர்க்கிறான். பயன் என்றும் சொல்ல முடியாத, கடன் என்றும் தள்ள முடியாத பொருள்களும் சில உண்டு. பாட்டனார் போர்க்களத்திலிருந்து கொண்டு வந்த கைத்துப்பாக்கி அத்தகையது. உயிரைப் பறிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளை வாரிசாகப் பெற்றவர் அதனை என்ன செய்வது? காப்பதா, அழிப்பதா? காப்பதாயின், அதில் காக்கத் தக்கது எது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ இல்லங்களில் இவ்வினா எழுந்துள்ளது. முதல் உலகப் போர் 1918இல் ஓய்ந்தபோது, ஊர் திரும்பிய வீரர் பலர் பகைவரிடமிருந்து கைப்பற்றிய பொருள்களை நினைவுச் சின்னமாக எடுத்து வந்தனர். அவற்றுள் பெரிதும் விரும்பப்பட்டது ஜெர்மானிய லூகர் கைத்துப்பாக்கி. ஜார்ஜ் லூகர் என்பார் வடிவமைத்த இதனை ஜெர்மானியக் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் ஏற்றன. இதற்குப் பாரபெல்லம் என்றும் ஒரு பெயருண்டு. அமைதியை விரும்புகிறவன் போருக்கு ஆயத்தமாகட்டும் என்னும் கருத்துடைய இலத்தீன் முதுமொழியிலிருந்து பிறந்த பெயர் அது. அமைதியைப் பேசும் முற்பாதி கைவிடப்பட்டது. போரைப் பேசும் பிற்பாதி மட்டும் ஆயுதத்தின் பெயராக நிலைத்தது. மாந்தர் கையில் அம்முதுமொழி அடைந்த கதியும் அதுவேயன்றோ!

இத்துப்பாக்கியை இன்னதென அறிவது ஒரு பழஞ்சுவடியைப் படிப்பது போன்றதாகும். தோட்டா அமரும் அறையின் மேற்புறத்தில், பெரும்பாலானவற்றில், செய்யப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் செய்த தொழிற்சாலையின் முத்திரை காணப்படும். உடற்பகுதியில் வரிசை எண்ணும், அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் சிறு உறுப்புகளிலும் இருக்கும். எல்லாம் ஒத்திருப்பின், பிறந்தபடியே அது நம்மிடம் வந்துள்ளது; ஒன்று மாறுபடின், எங்கோ ஒரு பட்டறையில் அவ்வுறுப்பு மாற்றப்பட்டுள்ளது. அறையில் தோட்டா இருக்குமாயின் மேலேயுள்ள சிறு கொக்கி உயர்ந்து நிற்க, அதன் பக்கத்தில் ‘கெலாடன்’ என்னும் ஜெர்மன் சொல் கண்ணுக்குத் தெரியும். குண்டேற்றப்பட்டுள்ளது என்பது அதன் பொருள். தன் வயிற்றிலுள்ள நஞ்சைத் தானே அறிவிக்கும் அந்த நேர்மை, அதனை ஏந்தும் மனிதரிடம் எப்போதும் இருப்பதில்லை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். 1918இல், போர் முடியுமுன், பதுங்குகுழியில் ஓர் அதிகாரியை நேருக்கு நேர் வென்று பாட்டனார் இதனைப் பறித்தார் என்பது அங்கே மூன்று தலைமுறையாகச் சொல்லப்படும் வீரக்கதை. பேரன் துப்பாக்கியைக் கூர்ந்து நோக்குகிறான். அறையின்மேல் 1917 என்னும் ஆண்டோடு 1920 என்னும் இன்னோர் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளது. 1919ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மானியப் படையை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கிய பின், அரசின் உடைமையாக எஞ்சிய பழைய துப்பாக்கிகளில் இடப்பட்ட குறி அது. அவ்வாறாயின் 1920இல் இது ஜெர்மானியர் கையில்தான் இருந்திருக்கிறது. பாட்டனார் இதனைப் பின்னர் வேறு வழியில் பெற்றிருக்க வேண்டும். வீரக்கதை நிற்கவில்லை.

அப்பேரன் இப்போது என்ன செய்வது? உப்புத்தாளால் நான்கு முறை தேய்த்தால் அந்த எண் மறைந்துவிடும், கதை பிழைத்துவிடும். வாரிசின் சோதனை இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. வாரிசுப் பொருள் நமக்குச் சொந்தம் என்பது பாதி உண்மை. நமக்கு முன்னிருந்தவர்க்கும் பின்வருவோர்க்கும் இடையே அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதே முழு உண்மை. அமானிதத்தை நம் பெருமைக்கேற்பத் திருத்தி எழுத நமக்கு உரிமையில்லை. பாட்டனார் மீது கொண்ட அன்பு, அவரைப் பற்றிய பொய்யைக் காப்பதால் நிறைவேறுவதன்று.

பராமரிப்பின் முறைகளும் இதனையே கற்பிக்கின்றன. முதற்கண், தோட்டாக் கூட்டை உருவிவிட்டதனால் மட்டும் துப்பாக்கி வெறுமையாகிவிடாது. அறையில் ஒன்று எஞ்சியிருக்கலாம். அறியாதவர் தாமே கைவைக்காமல், குழலை யார் மீதும் நோக்காமல், தேர்ந்தவரைக் கொண்டு பார்க்கச் செய்வதே முறை. பின்னர்ப் பருத்திக் கையுறையோடு தொடுதல் வேண்டும். வியர்வையின் உப்பு இரும்பை அரிக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டலாகாது. தோல் ஈரத்தை ஈர்க்கும், பதனிட்ட அமிலம் துருவை வளர்க்கும். மெருகேற்றுதல் கூடவே கூடாது. விசையும் வேறு சில சிறு உறுப்புகளும் வைக்கோல் நிறம் பெற்றிருக்கும். பளபளப்புக்கு ஆசைப்பட்டுத் தேய்ப்பவர் அந்நிறத்தோடு முத்திரைகளையும் அழித்துவிடுவார். காப்பவரின் கடமை துருவைத் தடுப்பது, முதுமையை மறைப்பதன்று.

“கொலைக் கருவிக்கு இத்தனை பரிவா? உருக்கிவிடுவதே அறம்” என்பார் உளர். அக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996இல் ஒருவன் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் ஏந்தியவை உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளே. அதன் விளைவாக 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடை செய்து, வரலாற்று மதிப்புள்ள பழையவற்றுக்கு மட்டும் கடும் நிபந்தனைகளோடு விலக்களித்தது. குழந்தையின் உயிருக்கு முன் எந்த நினைவுச் சின்னமும் பெரிதன்று. ஆகவே சட்டத்திற்கு அறிவித்து, பூட்டிக் காத்து, உண்மையைச் சொல்லி வைத்திருக்க இயலாதவர் அதனை வீட்டில் வைத்திருக்கத் தகுதியற்றவர். அவர் அதனை உரிய அதிகாரிகளின் வழியே அருங்காட்சியகத்திற்கு வழங்கலாம். 1917இல் தோன்றிய லண்டன் போர் அருங்காட்சியகம் போன்ற நிலையங்கள் இத்தகைய சாட்சிகளுக்காகவே உள்ளன.

ஆனால் உருக்கிவிட்டால் கொலை இல்லாததாகிவிடுமா? சாட்சி மட்டுமே இல்லாமற் போகும். அத்துப்பாக்கியை முதலில் ஏந்திய ஜெர்மானியனும் ஒரு தாயின் மகனே. அவன் பெயரை நாம் அறியோம். அவன் இருந்தான் என்பதற்கு நம்மிடமுள்ள அடையாளம் அந்த எண்களே. அவற்றை அழியாமல் காத்து, “இது வீரத்தின் பரிசு” என்னாமல் “மனிதர் மனிதருக்குச் செய்ததன் சான்று இது” என்று தம் மக்களிடம் சொல்பவரே அந்த அமானிதத்தை நிறைவேற்றியவர் ஆவார்.