அட்டை காட்டித்தான் ஏற வேண்டுமா?

இலங்கைப் பஸ்களின் முன் ஆசனங்கள் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. ஊன்றுகோலைக் கண்டால் எழும்பி இடம் கொடுப்பார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளையிடம் அப்படிக் காட்ட எதுவுமில்லை. ஹோர்ன் சத்தம் தாங்காமல் அது காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், வளர்ப்புச் சரியில்லை என்ற பேச்சுத்தான் தாய்க்கு மிஞ்சும். இடம் வேண்டுமென்றால் பிள்ளையின் நிலையை அவள் பஸ் முழுவதற்கும் விளக்க வேண்டும். அப்படி எதிர்பார்ப்பது நியாயமா?

இங்கிலாந்தில் 2019 ஓகஸ்ட் முதல், வெளியே தெரியாத இயலாமை உள்ளவர்களும் வாகனத் தரிப்பிடச் சலுகைக்கான நீல அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டைக்குச் சான்று வேண்டும். படுவான்கரைக் கிராமத்துக் குடும்பம் சான்று தேடி வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகருக்கு அலைய வேண்டும். கிடைத்தாலும், அதை வெளியே காட்டினால் மூத்தவளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று பயப்படுவோர் உண்டு. அந்தப் பயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த வாவிக்குக் குறுக்கே 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தில் ஏற எவரும் காரணம் சொல்வதில்லை. போக்குவரத்தும் அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமைதான் ஓட்டிசம் உள்ள பலரை வதைக்கிறது. ஆட்கள் நிறையும்வரை நிற்கும் பஸ், பிறகு பின்னால் வருவதை முந்தவிடாமல் பறக்கும் ஓட்டம், தரிப்பிடத்தைத் தாண்டி நிறுத்துதல்: இவை நின்றாலே பாதித் துன்பம் குறையும். மெக்சிக்கோ நகரில் 1969இல் தொடங்கிய மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் உண்டு. இங்கும் கல்லடிக்குப் பாலம், கொக்கட்டிச்சோலைக்குக் கோயில் என்று பலகையில் வரைந்தால் எழுத்தறியாத முதியவரும் பயனடைவார். நிலையத்தின் ஒரு மூலையில், ஒலிபெருக்கி எட்டாத இடத்தில், நிழலும் ஒரு வாங்கும் போதும்.

பஸ்ஸே ஒழுங்காக வராத ஊருக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்பார்கள். ஒழுங்காக வரவேண்டும் என்பதுதான் இங்கே முதற் கோரிக்கை. அதற்கும் விலை உண்டு. அன்றாட வசூலை நம்பி வாழும் சாரதியும் நடத்துனரும் அரைகுறையாக நிறைந்த பஸ்ஸை நேரத்துக்கு எடுத்தால் நட்டப்படுவார்கள். அந்த நட்டத்தை அவர்கள் தலையில் கட்டுவது இன்னொரு அநீதி. பொதுப் பணம்தான் அதைச் சுமக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடல் ஆற்றலோடு உள ஆற்றலின் குறைவையும் சேர்த்தே பேசுகிறது. மாகாணப் போக்குவரத்து அதிகாரிகள் அடுத்த நேர அட்டவணையை எழுதும்போது, ஓட்டிசம் உள்ள வளர்ந்தோரையும் அவர்களின் குடும்பத்தாரையும் மேசைக்கு அழைத்துக் கேட்க வேண்டும்.