சாமியாரின் அறைக்குள் நமக்கென்ன வேலை?

ஒரு சாமியாரின் படுக்கையறைக்குள் ரகசியக் கேமரா வைத்தது தவறு. அதில் பதிவானதை ஒளிபரப்பியது அதைவிடப் பெரிய தவறு. அதைப் பார்த்துவிட்டு, மூடநம்பிக்கைக்குச் சாவுமணி அடித்தாகிவிட்டது என்று பகுத்தறிவாளர்கள் கைதட்டியதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

கடவுள் மறுப்பாளர்களாகிய நாம் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். சொன்னால் சாமியாருக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார்களே என்ற பயம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்த்துப் பேசுகிறவன் பகுத்தறிவுக் கட்சியில் சேர்ந்து என்ன பயன்? கோயிலுக்கே போய்விடலாம்.

நான் குடியிருப்பது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் கிரிவலக் கூட்டமும் அருகருகே இருக்கும் ஊர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஆசிரமங்களுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்லும் சாமியாரான நித்யானந்தாவுக்கும் அங்கே ஒன்று உண்டு. அவர் பிறந்ததே திருவண்ணாமலையில்தான். பிறகு கர்நாடகத்தின் பிடதியில் பெரிய ஆசிரமம் கட்டினார். குமுதம் வார இதழ் 'கதவைத் திற காற்று வரட்டும்' என்ற அவருடைய தொடரை வெளியிட்டு, அவரைத் தமிழ்நாட்டின் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. வாசகர்கள் விரும்பிப் படித்தால் அது பத்திரிகைக்கும் லாபம், சாமிக்கும் லாபம்.

2010 மார்ச் 2ஆம் தேதி இரவு, சன் தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. நித்யானந்தாவும் ஒரு நடிகையும் ஒரு அறையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட காட்சிகள். நக்கீரன் படங்களோடு வெளியிட்டது. குழந்தைகள் சாப்பிட உட்காரும் நேரத்தில், திரும்பத் திரும்ப அதே காட்சி. அது ஜோடிக்கப்பட்டது என்றது ஆசிரமத் தரப்பு. ஆசிரமங்கள் தாக்கப்பட்டன, உருவப் படங்கள் கொளுத்தப்பட்டன. ஏப்ரல் 21ஆம் தேதி இமாச்சலப் பிரதேசத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதாமலே உங்களுக்கு அது ஞாபகம் வந்திருக்கும். சாமியாரை அம்பலப்படுத்துகிறோம் என்று கிளம்பியவர்கள் யாரை நிரந்தரமாக அம்பலத்தில் நிறுத்தினார்கள் என்பதற்கு உங்கள் ஞாபகமே சாட்சி.

இப்போது கேட்போம். அந்தக் காணொளியில் வெளிப்பட்ட குற்றம் எது?

வயது வந்த இருவர் மூடிய கதவுக்குப் பின்னால் என்ன செய்தாலும், இருவருக்கும் சம்மதம் என்றால், அது குற்றமில்லை. "ஆனால் அவர் துறவியாயிற்றே!" என்பீர்கள். ஆகட்டும். துறவி பெண்ணைத் தொட்டால் தீட்டு என்பது யாருடைய கொள்கை? பிரம்மசரியம் காத்தால் தெய்வ சக்தி வரும், கலைந்தால் போய்விடும் என்று நம்புகிறவருக்குத்தான் அந்தக் காணொளி அதிர்ச்சி. நமக்கு எதற்கு அதிர்ச்சி? அவர் உண்மையிலேயே பெண் வாடை படாத துறவியாக இருந்திருந்தால், அவர் சொன்ன ஞானமெல்லாம் மெய்யாகிவிடுமா? ஆகாது அல்லவா? அப்படியென்றால் அந்தக் காணொளி எதையும் பொய்யாக்கவும் இல்லை. அன்றைக்குக் கைதட்டிய நாத்திகர், தனக்குத் தெரியாமலே ஒரு பக்தராக மாறித்தான் கைதட்டினார். "கெட்ட சாமியார் மாட்டிக்கொண்டார்" என்ற மகிழ்ச்சிக்குள்ளே "எங்கோ ஒரு நல்ல சாமியார் இருக்கிறார்" என்ற நம்பிக்கை பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். இரண்டே ஆண்டுகளில், 2012 ஏப்ரலில், தமிழ்நாட்டின் மிகப் பழமையான சைவ மடங்களில் ஒன்றான மதுரை ஆதீனத்தின் 293ஆவது பட்டத்துக்கு அவர் அறிவிக்கப்பட்டார். எதிர்ப்புகளுக்குப் பிறகு அக்டோபரில் அது ரத்தானது. மாடுகளைத் தமிழும் சமஸ்கிருதமும் பேசவைக்கப்போவதாக 2018இல் மேடையில் சொன்னார். எதிரே இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். 2019இல் வெளிநாடு போய், 'கைலாசா' என்று ஒரு நாட்டையே அறிவித்தார். 2023இல் அதன் பிரதிநிதிகள் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் குழுக் கூட்டமொன்றில் போய்ப் பேசிவிட்டும் வந்தார்கள். சாவுமணி அடித்தது யாருக்கு?

இதற்கிடையில், உண்மையாகவே விசாரிக்கப்பட வேண்டியவை விசாரணைக்குக் காத்துக்கிடந்தன. பெண் பக்தர் ஒருவர்மீது பாலியல் வன்முறை நடந்ததாகக் குற்றச்சாட்டு. நித்யானந்தா அதை மறுக்கிறார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அவர் நாட்டிலேயே இல்லை என்று 2020இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தது. 2019 நவம்பரில் அகமதாபாத் ஆசிரமத்தில் குழந்தைகளை அடைத்துவைத்ததாக வழக்குப் பதிவாகி, நிர்வாகிகள் இருவர் கைதானார்கள். சம்மதமில்லாத உடல், அடைபட்ட குழந்தை: இவைதான் குற்றச்சாட்டுகள். இவற்றுக்கு ஊரில் எத்தனை நாள் பேச்சு இருந்தது? காணொளிக்கு எத்தனை நாள் இருந்தது? ஒளிந்து பார்க்கும் சுகம் கிடைத்த இடத்தில் அறம் பொங்கியது. வாக்குமூலத்தையும் குற்றப்பத்திரிகையையும் படிக்க வேண்டிய இடத்தில் நமக்குத் தூக்கம் வந்துவிட்டது.

பகுத்தறிவு இயக்கத்துக்கு வேறொரு வழி இருந்தது. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்துகாட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் ஊர் ஊராகப் போய், வெறுங்கையிலிருந்து விபூதி வரவழைத்துக் காட்டி, அது எப்படி வந்தது என்பதையும் அதே மேடையில் விளக்கினார். சத்ய சாய்பாபா காற்றிலிருந்து தங்கம் வரவழைக்கிறார் என்றால், தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதற்கு அனுமதி வாங்கியிருக்க வேண்டுமே என்று 1986இல் நீதிமன்றத்துக்கே போனார். வழக்கு தோற்றது, சிரிப்பு ஜெயித்தது. இவர்கள் யாருடைய படுக்கையறையிலும் எட்டிப் பார்க்கவில்லை. சாமியார் மேடையில் சொன்னதை மேடையிலேயே சோதித்தார்கள். பிரேமானந்த் 2009 அக்டோபரில் இறந்தார். ஐந்து மாதத்தில் அவருடைய இடத்தைக் கேமரா பிடித்துக்கொண்டது.

சரி, ஒரு மோசடிக்காரரின் அந்தரங்கம்தானே போனது, உலகம் முழுகிப்போய்விட்டதா என்று கேட்கலாம். இதே வாதத்தை ஒரு தொழிலாகவே நடத்திய நாட்டைப் பார்த்துவிடுவோம்.

பிரிட்டனில் 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழ். ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் நடத்தியது. 2011இல் சுமார் 26 லட்சம் பிரதிகள் விற்றது. கைப்பேசியை எடுக்காவிட்டால் அழைத்தவர் செய்தி பதிந்து வைக்கும் குரல் அஞ்சல் பெட்டிகளை அது ஒட்டுக்கேட்டது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. பலர் நிறுவனம் கொடுத்த ரகசிய எண்ணை மாற்றாமலே வைத்திருந்தார்கள். அரச குடும்பத்தார், நடிகர்கள், விளையாட்டு வீரர்கள் என்று ஆரம்பித்தது. அப்போது போலீசையே நிர்வகித்த உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் பதிந்து வைத்த செய்திகளும் தப்பவில்லை. பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்த துப்பறிவாளரிடமிருந்து 2006இல் போலீஸ் கைப்பற்றிய குறிப்புகள் மட்டும் சுமார் 11,000 பக்கம். அவரும் ஒரு நிருபரும் 2007இல் சிறைக்குப் போனார்கள். ஒரேயொரு கெட்ட நிருபர் என்று நிறுவனம் சொன்னது. போலீசும் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டது.

2011 ஜூலை 4 அன்று 'கார்டியன்' நாளிதழ் வெளியிட்ட செய்தியில்தான் நாடு கொதித்தது. 2002இல் கடத்திக் கொல்லப்பட்ட 13 வயது மாணவி ஒருத்தியின் குரல் அஞ்சலையும், அவள் காணாமல்போயிருந்த நாட்களிலேயே, அந்த இதழ் ஒட்டுக்கேட்டிருந்தது. (செய்திகளை அவர்கள் அழித்ததால்தான் மகள் உயிரோடிருப்பதாகப் பெற்றோர் நம்பினார்கள் என்று முதலில் வந்த பகுதி பின்னர் நிரூபணமாகவில்லை, கார்டியனே திருத்தியது. நம் பக்கத்துக் கோபத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.) ஆறே நாளில், 168 ஆண்டு வயதான இதழ் இழுத்து மூடப்பட்டது. லண்டன் மாநகரக் காவல்துறையின் தலைவர் பால் ஸ்டீஃபன்சன் பதவி விலகினார். மறுநாள் உதவி ஆணையர் ஜான் யேட்ஸ். அந்த இதழின் முன்னாள் ஆசிரியர் ஆண்டி கூல்சன் அதற்குள் பிரதமர் டேவிட் கேமரூனின் தகவல்தொடர்பு இயக்குநராகவே இருந்துவிட்டு வந்திருந்தார். 2014இல் அவருக்கு 18 மாதச் சிறை. நீதிபதி லெவ்சன் 2012இல் சுமார் 2,000 பக்க அறிக்கை கொடுத்தார். போலீசுக்கும் பத்திரிகைக்கும் இருந்த உறவை அலச வேண்டிய அதன் இரண்டாம் பாகத்தை 2018இல் அரசே கைவிட்டது.

கைவிட்டதில்தான் பாடம் இருக்கிறது. அடுத்தவர் அந்தரங்கத்தைக் கையில் வைத்திருப்பவனிடம் அமைச்சரும் கைகட்டி நிற்பார், கமிஷனரும் நிற்பார். கட்சி மாறினாலும் பயம் மாறாது. 1995இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டோனி பிளேர், மர்டாக் நிறுவனக் கூட்டத்தில் பேச ஆஸ்திரேலியாவரை பறந்து போனார். நடிகையின் அறைக்கதவை உடைக்க நாம் கொடுக்கும் அனுமதி, கடைசியில் நாம் ஓட்டுப் போட்ட ஆளின் கழுத்துக் கயிறாகிறது.

"அப்படியானால் ஊழலை எப்படிப் பிடிப்பது? ஒட்டுக்கேட்காமல் முடியுமா?" நியாயமான கேள்வி. 2008இல் தமிழ்நாட்டிலேயே இது நடந்தது. லஞ்ச ஒழிப்புத் துறையின் தலைமையில் இருந்த எஸ்.கே. உபாத்யாயின் தொலைபேசி உரையாடல்கள் வெளியே வந்தன. உறவினர் ஒருவர்மீதான வழக்கு பற்றி அவரிடம் பேசியது வெளியானதால், அமைச்சர் பூங்கோதை மே மாதம் பதவி விலகினார். அங்கே வெளிப்பட்டது அமைச்சரின் அந்தரங்கமில்லை, அமைச்சரின் வேலை. மக்கள் சம்பளம் கொடுக்கும் வேலையைப் பற்றிய பேச்சு மக்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் அதைப் பதிந்தவர் யார், எந்த அதிகாரத்தில் என்ற கேள்வியும் அதற்கு இணையாக எழுந்தது. விசாரணைக் கமிஷனே அமைக்க வேண்டியதாயிற்று. கொண்டுவந்த செய்தி நல்லது என்பதால் திருட்டு புனிதமாகிவிடாது.

கோடு எங்கே என்பதை நமக்கு வரைந்து கொடுத்த வழக்கும் தமிழ்நாட்டு வழக்குதான். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அதிகாரிகளின் அலுவல் நடத்தையைப் பற்றி எழுதுவதை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது, ஆனால் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றில் ஒவ்வொரு குடிமகனுக்கும் தன்னைத் தனியே விடுமாறு கேட்கும் உரிமை உண்டு. வழக்குத் தொடுத்தது யார் தெரியுமா? நக்கீரன். தீர்ப்பின் முதல் பாதி கொடுத்த தைரியத்தில் எத்தனையோ நல்ல செய்திகளை அந்த இதழ் வெளியிட்டது. 2010இல் இரண்டாம் பாதி அதற்கு மறந்துபோனது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், லஞ்சப் புகாருக்காக ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011இல் பிறப்பித்த ஆணையையே ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாத இடத்தில் அரசுக்கே அந்த அதிகாரம் கிடையாது. பிறகு தொலைக்காட்சிக்கு ஏது?

நம் வரிசையிலேயே ஒருவர் இதில் அடிபட்டிருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. 1940களில் சி.என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது', 'இந்துநேசன்' என்று இதழ்கள் நடத்தி, நடிகர்களின் அந்தரங்கத்தை விற்றார். 1944 நவம்பரில் அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டது கொடுமை. அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரோடு சிறைக்குப் போனவர், மேடையிலும் திரையிலும் மூடநம்பிக்கையைச் சிரித்தே தோலுரித்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1947இல் விடுதலை ஆனார்கள். சாக்கடை எழுத்துக்குக் கொள்கை தெரியாது; அது சாமியாரையும் நனைக்கும், கலைவாணரையும் நனைக்கும்.

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் மனு கொடுக்க ஜனங்கள் நிற்கிறார்கள். நிலத்தை வளைத்தவன் யார், அடித்தவன் யார் என்று பெயர் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்கிறார்கள். பதிலுக்கு அடி விழலாம் என்று தெரிந்தும் கொடுக்கிறார்கள். அந்த ஒற்றைத் தாளுக்கு இருக்கும் அறம் ஒளித்துவைத்த கேமராவுக்கு ஒருநாளும் வராது. ஆசிரமத்தில் பாதிக்கப்பட்டவர் அப்படியொரு தாளோடு வந்தால், அவருக்குத் துணையாக நிற்பது பகுத்தறிவாளனின் வேலை. கணக்கைக் கேட்பது, குழந்தைகளை மீட்பது, மாடு பேசும் என்றால் "பேசவை, பார்ப்போம்" என்பது, இவையெல்லாம் நம் வேலை.

அடுத்த சாமியாரின் காணொளி எங்கேயோ தயாராகிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வரும். இதில் யாருக்குத் தீங்கு நடந்திருக்கிறது என்று கேளுங்கள். விடை கிடைத்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். கிடைக்காவிட்டால், பார்க்காமல் அழித்துவிடுங்கள். முடியவில்லை, ஒருமுறையாவது பார்த்தே தீர வேண்டும் என்று கை துடித்தால் பாருங்கள். பகுத்தறிவின் பெயரை மட்டும் அதற்கு இழுக்காதீர்கள்.