சான்ஸலரின் பாதம்

'மனசாட்சி' என்ற சொல்லை நம் விமர்சனத்தில் கொஞ்சம் தாராளமாகவே செலவழித்துவிட்டோம். படைப்பாளியின் மனசாட்சி, காலத்தின் மனசாட்சி என்றெல்லாம் நானும் எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கங்களைத் திருப்பினால் கூச்சமாக இருக்கிறது. இதற்குக் காரணம் இலக்கியம் அல்ல, சட்டம்.

மூன்று வருஷங்களுக்கு முன் லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைச் சட்டப்படிப்பில் சேர்ந்தேன். 1858 முதல் வெளி மாணவர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் தந்துவரும் இடம் அது. முப்பதைத் தாண்டிய வங்கி குமாஸ்தா ஒருவன் பவுண்டில் கட்டணம் கட்டி இங்கிலீஷ் சட்டம் படிப்பதிலுள்ள அபத்தத்தை நண்பர்கள் போதிய அளவு சுட்டிக்காட்டிவிட்டார்கள். அதில் ஒரு தாள் 'ஈக்விட்டியும் டிரஸ்டும்'. இரண்டுக்கும் தமிழில் சரியான சொல் இல்லை. டிரஸ்ட் என்றதும் நாம் 'அறக்கட்டளை' என்று தருமத்தின் பக்கம் ஒதுக்கிவிடுகிறோம். ஒருவனை நம்பி இன்னொருவனுக்காகச் சொத்தை ஒப்படைக்கும் அன்றாடக் காரியம் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஈக்விட்டிக்கு 'ஒப்புரவு' என்று சொல்லிப் பார்த்தேன். குறளில் அது ஓர் அதிகாரத்தின் பெயர்: ஒப்புரவறிதல். அந்த 'அறிதல்' பிறகு என்னைத் தொந்தரவு செய்யப்போகிறது என்று அப்போது தெரியாது.

எனக்கு ஈக்விட்டி முதலில் நாவலாகத்தான் அறிமுகம். டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' 1852–53இல் தொடராக வந்தது. பனிமூட்டத்துக்கு நடுவே சான்ஸலர் வீற்றிருக்கும் கோர்ட்டும், கடைசியில் சொத்து முழுவதையும் செலவாகவே விழுங்கித் தீர்க்கும் ஒரு வழக்கும் அதில் வருகின்றன. பி.ஏ. வகுப்பில் அதை 'சமூக அங்கதம்' என்று எழுதி மார்க் வாங்கினோம். அந்தக் கோர்ட் எதற்காகத் தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை.

அது தோன்றிய கதை எளிது. நிலத்தை நண்பன் பெயருக்கு மாற்றி, 'என் மனைவி மக்களுக்காக வைத்திரு' என்று சொல்லிவிட்டு ஒருவன் போகிறான். நண்பன் ஏமாற்றுகிறான். பொதுச் சட்டத்தின் கோர்ட்டில் நண்பன்தான் சொந்தக்காரன், வழக்கு முடிந்துபோகிறது. மனைவி மக்கள் அரசனிடம் முறையிட, அரசன் அதைச் சான்ஸலரிடம் தள்ளிவிடுகிறான். அந்நாட்களில் சான்ஸலர்கள் பெரும்பாலும் பாதிரிமார்கள். அவர்கள் நண்பனின் உரிமைப் பத்திரத்தைக் கிழிக்கவில்லை. 'சொத்து உன்னுடையதாகவே இருக்கட்டும். ஆனால் உனக்குத் தெரியும்' என்றார்கள். தெரிந்த பிறகு அதை உனக்கென்று வைத்துக்கொள்ள உன் மனசாட்சி இடம் தராது. தந்தால் சிறைக்குப் போ. 1615இல் எல்ஸ்மியர் பிரபு, மனிதர்களின் மனசாட்சியைத் திருத்துவதே சான்ஸலரின் வேலை என்று வெளிப்படையாகவே சொன்னார். அறிஞர் செல்டனோ இதைக் கேலி செய்தார்: ஒவ்வொரு சான்ஸலரின் பாதமும் ஒவ்வோர் அளவு, அந்தப் பாதத்தை நீள அளவாக வைத்தால் என்ன ஆகும்? நெடுங்காலம் கழித்தும் இந்தக் கேலி உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். 1818இல் எல்டன் பிரபு, அந்தப் பழிக்குத் தான் இடம் கொடுத்துவிட்டதாக நினைக்க நேர்ந்தால் அதைவிட வேதனை வேறில்லை என்றார். விதிகளை அவர் இறுக்கினார். வழக்குகள் வருஷக்கணக்கில் நின்றன. டிக்கன்ஸின் பனிமூட்டத்தில் எல்டனின் மூச்சும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நம் மொழியில் மனசாட்சி ஒரு சாட்சி. உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. சான்ஸரி கோர்ட்டில் அது சாட்சியாக வருவதில்லை, பிரதிவாதியாகத்தான் நிறுத்தப்படுகிறது. அதன் வாக்குமூலத்தைக் கேட்பதுகூட இல்லை.

1726இன் கீச் எதிர் சான்ட்ஃபோர்ட் வழக்கைப் பாருங்கள். ஒரு சந்தையின் குத்தகை, ஒரு குழந்தைக்காக டிரஸ்டியிடம் இருந்தது. கெடு முடிந்தபோது குழந்தைக்காகப் புதுப்பித்துத் தரும்படி டிரஸ்டி கேட்டான். நில உரிமையாளன் மறுத்துவிட்டான். அதன்பின் டிரஸ்டி தன் பெயரிலேயே எடுத்துக்கொண்டான். எப்படியும் குழந்தைக்குக் கிடைக்காதது, யாருக்கு நஷ்டம்? கிங் பிரபு சம்மதிக்கவில்லை. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அந்தக் குத்தகையை எடுத்திருக்கலாம், இந்த ஒருவன் மட்டும் கூடாது. 1966இல் பிரபுக்கள் சபை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. போர்ட்மன் என்ற வக்கீல், ஒரு குடும்ப டிரஸ்டுக்காகச் செயல்படும்போது கிடைத்த தகவலை வைத்து, டிரஸ்டுக்கும் பங்கிருந்த ஒரு கம்பெனியைச் சொந்தப் பணத்தில் வாங்கிச் சீர்படுத்தினார். டிரஸ்டுக்கும் லாபம், அவருக்கும் லாபம். அவர் நாணயமானவர் என்பதை நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், லாபத்தை டிரஸ்டுக்குக் கொடு என்றார்கள். உழைப்புக்குத் தாராளமாகக் கூலி தரச் சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

முதலில் படித்தபோது இது அநியாயமாகத் தோன்றிற்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. 'என் மனதுக்கு நான் நேர்மையாக இருந்தேன்' என்ற பதிலை அந்தக் கோர்ட் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. நீ எந்த இடத்தில் நின்றாய், யாருக்காக நின்றாய் என்றுதான் கேட்கிறது. அனுபவ நேர்மை, அக உண்மை என்று நம் சிறு வட்டத்துக்குள் புழங்கும் அளவுகோல்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவை எல்லாமே பாதங்கள்தான், என்னுடையதும் சேர்த்து.

ஆனால் ஈக்விட்டியை வியந்துகொண்டே இருக்கவும் முடியவில்லை. 1897இன் ரோஷ்ஃபூக்கோ எதிர் பூஸ்டட் வழக்கு என்னை அங்கே நிறுத்திற்று. இலங்கையில் ஒரு சீமாட்டியின் காப்பித் தோட்டங்கள் அடமானத்திலிருந்து விற்பனைக்கு வருகின்றன. அவளுக்காக வைத்திருப்பதாகச் சொல்லி ஒருவன் வாங்குகிறான். பிறகு, எழுத்தில் எதுவும் இல்லையே, சட்டப்படி டிரஸ்ட் செல்லாது என்கிறான். மோசடிக்குக் கருவியாகச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள விடமாட்டோம் என்றது கோர்ட். நல்ல தீர்ப்புதான். அந்த நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நம் மாவட்டங்களிலிருந்து, மன்னார் வழியாகக் காடுகளைக் கடந்து, நடந்தே போனவர்கள். எழுத்தில் இல்லாத வாக்கை நம்பிப் போனவர்கள் அவர்களும்தான். அவர்கள் வழக்கில் கட்சிக்காரர்கள் அல்ல. நீதிபதியைக் குறை சொல்வது மலிவான காரியம். ஆனாலும் அன்றிரவு புத்தகத்தை மேலே படிக்க ஓடவில்லை.

கடைசியாக என் கவுன்ட்டர். கல்யாணத்துக்கு முன் போட்ட ஒரு டெபாசிட். நாமினியாகத் தம்பியின் பெயர். அண்ணன் இறந்துபோனார். தம்பி வருவதற்கு முந்தின நாள் அவர் மனைவி வந்தார். "குடுத்துடாதீங்க சார், அவர் எங்களுக்குத் தர மாட்டார்." எனக்குச் சட்டம் தெரியும். நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, சொந்தக்காரன் அல்ல என்று உச்ச நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் 1984இலும், வங்கி டெபாசிட் விஷயத்தில் 2010இலும் சொல்லியிருக்கிறது. தாயும் மனைவியும் மக்களும் இருக்கையில் தம்பி வாரிசு வரிசையிலேயே வருவதில்லை. இதுவும் தெரியும். ஆனால் 1949ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் பின்னால் நுழைக்கப்பட்ட ஒரு பிரிவு, டெபாசிட் வைத்தவரைத் தவிர வேறு யாருடைய உரிமைக்கோரலையும் வங்கி அறிவிப்பாகப் பெற்றுக்கொள்ளலாகாது என்கிறது. நேரில் வந்து சொன்னாலும் அது கட்டுப்படுத்தாது. கோர்ட் உத்தரவு வேண்டும். நியாயமான பிரிவு என்றே சொல்வேன். குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு பாதத்தால் அளக்க ஆரம்பித்தால் எந்த வங்கியும் நடக்காது. ஆனால் ஈக்விட்டி முழுவதும் 'உனக்குத் தெரியும்' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலோ தெரிவதற்கே அனுமதியில்லை.

"கோர்ட் ஆர்டர் இருந்தா கொண்டு வாங்கம்மா" என்றேன். மறுநாள் தம்பிக்குப் பணம் கொடுத்தேன். வவுச்சரில் என் கையெழுத்து. அந்த வாரம் பரீட்சைக்கான மாதிரிக் கேள்விகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். எல்லாக் கேள்விகளும் ஒரே மாதிரி முடிந்தன: இவருக்கு ஆலோசனை கூறுக.

நாலு மாதம் கழித்து அந்த அம்மாள் மறுபடி வந்தார், ஒரு சின்னத் தொகையைத் தன் பெயரில் போட. தம்பி ஏதாவது தந்தாரா என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. நாமினி படிவத்தில் மகளின் பெயரை எழுதினார். மகள் மைனர். ஆகவே அவளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ள இன்னொருவர் பெயரும் வேண்டும் என்று அந்த இடத்தைக் காட்டினேன். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் பேரை எழுதறது சார்?"

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.