வளைநெல்

எலி வளைக்குள் இருக்கும் நெல் யாருக்குச் சொந்தம்? இது விளையாட்டுக் கேள்வி இல்லை. கீழத்தஞ்சையில் எங்கள் சேரி ஆட்கள் சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் வருஷா வருஷம் வரப்பில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி. சொத்து என்றால் என்ன, உழைப்பு என்றால் என்ன, யார் யாரைத் திருடன் என்று சொல்லலாம் என்பதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

வேட்டை முகாம் என்றால் துரைமார் கூடாரம்தான் பலருக்கு ஞாபகம் வரும். எங்கள் முகாமை ஒரு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். ஐந்தாறு பேர் போவோம். உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதா ஒன்று, நாலு மூங்கில் கழி, கயிறு, ரெண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, சோத்துப்பானை, புகைச்சட்டி, உப்பு, புளி, மிளகாய், ஒரு நாய். வெளியூர் வயலில் மூணு நாள், நாலு நாள் தங்கி, வேலை முடிந்ததும் அடுத்த ஊர்த் திடலுக்குப் பெயர்ந்துவிட வேண்டும்.

படுதாவை எங்கே கட்டுவது என்பதற்குக் கணக்கு உண்டு. மேடான திடலாக இருக்கணும். பனி இறங்குற மாசம், தாழ்வில் படுத்தால் விடியறதுக்குள்ள நனைஞ்சு போயிடும். பனைமரத்தடி ஆகாது, மட்டை விழும். வாடைக்கு முதுகு காட்டிக் கட்டணும். வைக்கோலை உதறாமல் விரிக்கக் கூடாது; எலி இருக்குற எடத்துல பாம்பும் இருக்கும். இதெல்லாம் காற்றுக்கும் மண்ணுக்கும் உரிய கணக்கு. மிச்சக் கணக்கு சாதிக்கு உரியது. களத்துமேட்டுப் பக்கம் கூடாது. கோயில் குளத்தங்கரை கூடாது. பக்கத்திலேயே பம்புசெட்டு ஓடினாலும் தண்ணியை வாய்க்கால்லதான் மொள்ளணும். எங்க அப்பா சொல்லுவாரு: "எலிக்கு இருக்குற தைரியம் நமக்கு இல்லடா. அது ஆண்டை வரப்புலயே ஊடு கட்டுது."

வளைக்கு வாசல் ஒன்று இல்லை. லேசாக மண் மூடிய கள்ள வாசல்கள் இருக்கும். அவற்றைத் தேடிச் சேறு வைத்து அடைக்க வேண்டும். மிச்சமுள்ள வாசலில் புகைச்சட்டி. சட்டிக்குள் அரை ஈர வைக்கோலும் நெருப்பும் போட்டு, அடியில் உள்ள ஓட்டையில் வாய் வைத்து ஊதணும். ஊதுறவர் கண்ணு ரெண்டு நாளைக்கு ரத்தமா செவந்து கெடக்கும். பிறகுதான் வெட்டு. வயலுக்குள் வெட்டக் கூடாது. அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து முளைத்து நிற்கும். வரப்பைத்தான் வெட்டணும். வெட்டிய வரப்பை மிதித்துக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நகரணும். எலி மயங்கிக் கிடக்கும். உள்ளறையில் கதிர் கதிராக நெல் இருக்கும். பெரிய வளை என்றால் ரெண்டு படி, மூணு படிகூடத் தேறும்.

அதுவரை அந்தப் பக்கம் தலைகாட்டாத பண்ணை ஆள் அப்போது வருவார். எலி உங்களுக்கு, நெல் எங்களுக்கு என்பார். நிலம் பண்ணையுடையது, விதை பண்ணையுடையது, எலி திருடிவிட்டது. திருட்டுப்போன பொருள் எங்கே கிடைத்தாலும் உடையவனுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். இது அவர்கள் தர்க்கம். எலியைப் பிடித்துக் கொடுத்ததற்குக் கூலி கேட்டால், "அதான் கறி கெடைச்சுதே" என்பது பதில். வாலுக்கு இவ்வளவு காசு என்று கணக்குப் பண்ணிக் கொடுத்த இடங்களிலும் நெல் அவர்களுக்குத்தான். ஒருமுறை எங்க சித்தப்பா கேட்டாரு: "நெல்லு ஒங்களுதுன்னா, அதைத் தின்னு கொழுத்த எலியும் ஒங்களுதுதானேங்கய்யா? அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க." அதற்கு அவருக்கு அடி விழுந்தது. தர்க்கத்துக்குத் தர்க்கத்தால் பதில் வரவில்லை.

சொத்துரிமை பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் காட்டும் ஜான் லாக், 1689இல் வெளிவந்த தன் நூலில் வேட்டையைத்தான் உதாரணமாக எடுக்கிறார். பொதுவெளியில் ஓடும் முயல், துரத்துகிறவனுக்கே உரியது. ஏனென்றால் அதில் அவன் தன் உழைப்பைக் கலந்திருக்கிறான். படிக்கும்போது லாக் எங்க சித்தப்பா பக்கம் நிற்பதாகத்தான் தோன்றும். ஆனால் அதே அத்தியாயத்தில், தன் குதிரை மேய்ந்த புல்லும் தன் வேலையாள் வெட்டிய புல்கட்டியும் தனக்கே சொந்தம் என்கிறார். குதிரையும் வேலைக்காரனும் ஒரே வரிசையில்! அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் பணம் போட்டவர் அவர். உழைப்பவனுக்கே பொருள் என்று சொல்வதற்கு முன்பே, யாருடைய உழைப்பு யாருடையது என்பதை முடிவு செய்துவிடுகிறார்கள். நீலகிரியில் வேட்டைக்கென்று 1879இல் வெள்ளையர் அரசு சட்டம் போட்டதும் இந்தப் புத்தியில்தான். கூடாரம் சுமந்தவனும், காட்டைக் கலைத்தவனும், பரண் கட்டியவனும் கூலி. துப்பாக்கி பிடித்தவன் மட்டும் வேட்டைக்காரன்.

வளைநெல்லை எடுத்துக்கொள்வோம். நட்டது எங்கள் பெண்கள். கதிரை அறுத்தது எலி. தோண்டி எடுத்தது நாங்கள். இதில் பண்ணையின் கை எங்கே பட்டது? ரெண்டு படி நெல்லுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். படிக்கணக்கை அற்பம் என்று நாம் நினைக்கலாம், அவர்கள் ஒருபோதும் நினைத்ததில்லை.

தன் இடம் எது என்று தெரியாத திரைக்குப் பின்னால் நின்று வகுப்பதுதான் நியாயமான விதி என்று 1971இல் ஜான் ரால்ஸ் எழுதினார். எங்கள் முகாமில் ராத்திரி கூறு போடும்போது ஒருத்தர் திரும்பி நிற்பார். இன்னொருத்தர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். பார்க்காமலே பேர் சொல்லணும். புகை ஊதியவர், மண்வெட்டிக்குச் சொந்தக்காரர் என்ற பேதம் கிடையாது. நாய்க்கு ஒரு கூறு. வரமுடியாமல் சேரியில் படுத்துக் கிடக்கும் கிழடுகளுக்கு ஒரு கூறு. ஆனால் மண்ணோடு வந்த நெல்லைச் சலித்து, புடைத்து, குத்தி அரிசியாக்கிய அம்மா, அத்தை யாருடைய பேரையும் அந்தத் திரும்பி நின்றவர் சொன்னதில்லை. பண்ணையைக் கேட்ட கேள்வியை எங்கள் படுதாவுக்குள்ளும் கேட்டாக வேண்டும்.

எலிக்கறி பற்றி எழுதுவது நமக்கே அவமானம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியையும் எறிகிற மிச்சத்தையும் விடச் சொன்னதைக் காட்டுகிறார்கள். செத்த மாடு ஊர் நம் தலையில் கட்டிய கடமை. மிச்சம் என்பது அவர்கள் போடுவது. வேட்டை நாம் நம் கையால் எடுப்பது. இந்த வித்தியாசம் முக்கியமானது. அதற்காக அந்த வாழ்வைக் கொண்டாடச் சொல்லவில்லை. எங்களைத் திடலுக்கு அனுப்பியது பசி. நம் பிள்ளைகள் புகைச்சட்டி ஊத வேண்டாம், படிக்கட்டும். ஆனால் தொழிலை விடுவதோடு கேள்வியையும் விட்டுவிட்டால், வளைநெல்லோடு சேர்த்து நியாயத்தையும் பண்ணைக்கே கொடுத்ததாகிவிடும்.

எலி திருடியது, அதனால் நெல் எங்களுக்கு என்கிறார்கள். சரி, திருட்டுக் கணக்கு பார்த்துவிடலாம். ஆனால் கணக்கை வளையிலிருந்து தொடங்க வேண்டாம். பத்தாயத்திலிருந்து தொடங்குவோம்.