மூலமும் வாதமும்

சீடன்: சுவாமி, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயிலும் என் மாணாக்கருக்கு வீட்டுப்பாடத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கொடுத்து, தத்தம் அபிப்பிராயத்தை வாதமாக எழுதிவரச் சொன்னேன். வந்த ஏடுகளிலோ, நான் கொடுத்த கட்டுரையே ஓரிரு சொற்களை மாற்றிக்கொண்டு என்னிடம் திரும்பிவிட்டது. இதைத் திருட்டென்று கொள்ளலாமா?

குரு: அவசரப்படாதே, அப்பா. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியை, இத்தகைய ஒட்டுப்போட்ட எழுத்தை வஞ்சகமென்று தள்ளாமல், பழக்கமில்லாத துறைக்குள் நுழைகிறவன் அதன் பாஷையை வசப்படுத்திக்கொள்ளும் ஒரு படியாகவே கருதினார்.

சீடன்: மூலமே கொடாமல் எழுதச் சொன்னால்?

குரு: ஊர்ப்பேச்சுத்தான் ஏட்டில் ஏறும். மூலத்திலிருந்து விஷயத்தை மட்டுமா மாணாக்கன் பெறுகிறான்? எதிரியின் கூற்றில் எதை ஒப்புக்கொண்டு எவ்விடத்தில் விலகுவது, எதை எவ்வளவு உறுதியோடு சொல்வது என்னும் யுக்தியெல்லாம் அங்கேதான் கிடைக்கிறது. ஏடு ஒன்றைப் படி.

சீடன்: ‘வீட்டுப்பாடத்தைக் குறைத்தால் கல்வி உயரும்’ என்கிறான். மூலத்தில், ‘சிறு வகுப்புகளில் அதைக் குறைப்பதால் நன்மை விளையக்கூடும்’ என்றிருக்கிறது.

குரு: மூலாசிரியர் இட்ட எல்லையையும் ஐயத்தையும் வழியிலேயே உதிர்த்துவிட்டானே! திருட்டைத் தேடிய நீ இதற்குச் சிவப்பு மை இட்டாயா?

சீடன்: இல்லை, சுவாமி.

குரு: இன்னொன்றும் கேள்: ஒற்றை மூலத்தைப் படித்தவனுக்கு அதற்குத் தலையாட்டுவதன்றி வேறு வேலையில்லை. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்வு 2005-இல் புது உருவம் பெற்றபோது, அதில் வாசித்த பகுதியை மறுக்கும் விரிவுரையையும் கேட்கச் செய்து, 20 நிமிஷத்தில் எழுதச் சொன்னார்கள். ஆயினும் எழுதுகிறவனின் சொந்த அபிப்பிராயத்தை அந்த வினா கேட்கவில்லை என்பதால், அதைப் பாதி அப்பியாசமென்றே சொல்வேன். மறுபாதியை நம் முன்னோரிடம் காண்: 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலின் பரபக்கத்தில் உலகாயதம் முதலான பிற மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கொள்கையையும் முதலில் நிறுத்தி, அதன் பின்னரே மறுதலைக்குச் சென்றார்.

சீடன்: அவர் தம் மொழியில் வாதித்த மகாபண்டிதர், இவர்களோ ஒரு வாக்கியத்துக்கு இருமுறை அகராதி புரட்டுகிற பிள்ளைகள்.

குரு: ஆகையால்தான் சொல்கிறேன்: எதிரெதிரான இரண்டு கட்டுரைகளைக் கொடு, படித்தபின் தாள்களை மூடிவைத்துவிட்டு, இருவரும் சொல்வதென்ன, எவ்வளவு உறுதியோடு சொல்கிறார்கள் என்பதைத் தமிழிலேனும் எழுதட்டும், ஆங்கிலத்தில் வாதிப்பது அதன் பிறகு. அப்படி வரும் முதற்கட்டுரை குட்டையாகவும் பிழை மலிந்ததாகவும்தான் இருக்கும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதே.